எல்கேஜி வயதில் ஏடிஹெச்டி மாத்திரை: எப்போது தேவை? பெற்றோர் எதைக் கவனிக்கணும்?

"ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான், சொல்றதைக் கேட்க மாட்டேங்கிறான்" என்று பள்ளியிலிருந்து புகார் வருகிறது. மருத்துவரிடம் போனால் ஏடிஹெச்டி என்கிறார். கையில் மருந்துச் சீட்டு இருக்கிறது, ஆனால் குழந்தைக்கு வயது நாலரைதான். இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா, வேண்டாமா?

பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கும் இந்தக் கேள்விக்கு, 2025-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு எச்சரிக்கையும் ஓர் ஆய்வும் ஓரளவு தெளிவு தருகின்றன.

என்ன நடந்தது?

ஏடிஹெச்டி என்பது கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு. இதற்கு 'ஸ்டிமுலன்ட்' எனப்படும் தூண்டல் வகை மருந்துகளே அதிகம் பயன்படுகின்றன. இவற்றில் நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைகளின் லேபிளில், 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எடை குறையும் ஆபத்து இருப்பதைச் சேர்க்க வேண்டும் என்று, 2025 ஜூன் மாத இறுதியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது.

ஒரே அளவு மருந்து கொடுத்தாலும், பெரிய குழந்தைகளைவிடச் சின்னக் குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தின் அளவு அதிகமாக இருக்கிறது. இந்த மாத்திரைகளுக்கு 6 வயதுக்குக் கீழ் அங்கே அனுமதி இல்லை. ஆனாலும் மருத்துவர்கள் எழுதித் தருவது உண்டு.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான ஓர் ஆய்வு வெளியானது. 2016 முதல் 2023 வரையிலான மருத்துவப் பதிவுகளில், 3 முதல் 5 வயதுக்குள் ஏடிஹெச்டி கண்டறியப்பட்ட 9,708 குழந்தைகளைப் பற்றி அவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 42.2 சதவீதம் பேருக்கு, கண்டறிந்த ஒரே மாதத்துக்குள் மருந்து எழுதப்பட்டிருந்தது. 6 மாதம் கழித்து மருந்து ஆரம்பித்தவர்கள் 14.1 சதவீதம்தான்.

இதில் என்ன பிரச்சினை?

வரிசை மாறியதுதான் பிரச்சினை. 4, 5 வயதில் முதல் சிகிச்சை பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சி. அது போதாவிட்டால்தான் மெத்தில்ஃபெனிடேட் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதல் இப்படித்தான் சொல்கிறது. பிரிட்டனில் இன்னும் கறார். 5 வயதுக்குக் கீழ் மருந்து கொடுக்க, இரண்டாவது நிபுணரின் கருத்தும் வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்துப் பார்த்த 'பேட்ஸ்' ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளியாகின. மருந்து பலன் தந்தது. ஆனால் பெரிய குழந்தைகளிடம் தெரிந்த அளவுக்கு இல்லை. 11 சதவீதக் குழந்தைகள் பக்கவிளைவுகளால் மருந்தை நிறுத்த வேண்டியிருந்தது.

அப்படின்னா மாத்திரையே கெடுதலா?

இல்லை. 7 முதல் 9 வயதுள்ள 579 குழந்தைகளை 14 மாதங்கள் கவனித்த பெரிய அமெரிக்க ஆய்வு 1999-ல் வெளியானது. கவனச் சிதறலையும் துறுதுறுப்பையும் குறைப்பதில், நன்கு கண்காணித்துக் கொடுக்கப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றதைவிட நல்ல பலன் தந்தது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்து பெற்ற குழந்தைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது.

ஆக, 6 வயதுக்கு மேல் மாத்திரையைக் கண்டு பயந்து தள்ளிப்போடுவதும் குழந்தைக்கு நல்லதல்ல. 6 வயதுக்குக் கீழ் எடுத்த எடுப்பில் மாத்திரைக்குப் போவதும் சரியல்ல. எல்லா முறையும் செய்து பார்த்தும் முன்னேற்றம் இல்லை, குழந்தை ஓடி விழுந்து ஆபத்தில் மாட்டுகிறது என்றால், 5 வயதிலும் மருந்து தேவைப்படலாம். அப்போது மருந்து கொடுப்பது பெற்றோரின் தோல்வி அல்ல.

முதலில், இது ஏடிஹெச்டிதானா?

வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில், 6 மாதமாவது அறிகுறிகள் தொடர வேண்டும். வகுப்பில் மட்டும் தொல்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம். காது கேட்பதில் குறை, தூக்கமின்மை, பேச்சுத் தாமதம் ஆகியவற்றையும் பார்க்கணும்.

வகுப்பிலேயே வயதில் சின்னக் குழந்தையா என்பதும் முக்கியம். செப்டம்பர் 1-ஐ சேர்க்கைக்கான கடைசித் தேதியாக வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. வகுப்பின் மூத்த குழந்தைகளான செப்டம்பரில் பிறந்தவர்களில் 10,000-க்கு சுமார் 64 பேருக்கு ஏடிஹெச்டி என்று சொல்லப்பட்டிருந்தது. இளைய குழந்தைகளான ஆகஸ்டில் பிறந்தவர்களில் அது 85. வயசுக்கேற்ற சேட்டையே சில நேரம் நோயாகப் பார்க்கப்படுகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

பெற்றோர் பயிற்சியில் என்ன சொல்லித் தருவாங்க?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்வது. "குட் பாய்" என்று பொதுவாகச் சொல்லாமல், "செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டியே, சூப்பர்" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுவது. பரிசை அடுத்த வாரம் என்று தள்ளாமல் உடனே கொடுப்பது. சின்னச் சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விடுவது. குளியல், சாப்பாடு, தூக்கத்துக்கு ஒரே நேரம் வைப்பது. அடிக்காமல் இருப்பது. அம்மா ஒன்று, தாத்தா ஒன்று சொல்லாமல் வீட்டில் எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றுவது.

கேட்க எளிது, தினமும் செய்வது கடினம். அதனால்தான் பல வாரங்கள் பயிற்சி தருகிறார்கள். அமெரிக்காவிலேயே இதைத் தர போதிய ஆட்கள் கிடைப்பதில்லை என்பதும், சீக்கிரமே மாத்திரைக்குப் போவதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

மாத்திரை ஆரம்பிச்சாச்சு... இனி?

• பசி குறையும். காலை உணவை முடித்துவிட்டு மாத்திரை கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மதியம் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தால், மருந்தின் வேகம் குறையும் மாலையில் சத்தான உணவு கொடுக்கலாம்.

• எடையைக் குறித்து வையுங்கள். 10 வயது வரை 3 மாதத்துக்கு ஒருமுறை எடை, 6 மாதத்துக்கு ஒருமுறை உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்க்க வேண்டும் என்கிறது பிரிட்டன் வழிகாட்டுதல்.

• மதியத்துக்கு மேல் கொடுத்தால் தூக்கம் தள்ளிப்போகலாம். நேரத்தை நீங்களே மாற்ற வேண்டாம்.

• மாலையில் திடீர் அழுகை, எரிச்சல் வரலாம். மருந்தின் வேகம் இறங்குவதாலும் இப்படி நடக்கும். எந்த நேரத்தில் வருகிறது என்று எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

• குழந்தை கலகலப்பு இழந்து 'பொம்மை மாதிரி' ஆகிவிட்டால் அளவு அதிகமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லணும்.

• லீவு நாளில் நிறுத்தலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தியாவில் என்ன நிலை?

மெத்தில்ஃபெனிடேட் இங்கே அட்டவணை எக்ஸ் மருந்து. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் மனமயக்கப் பொருட்கள் பட்டியலிலும் உள்ளது. விற்க, கடைக்குத் தனி உரிமம் வேண்டும். மருந்துச் சீட்டு இரண்டு பிரதி தேவை. ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதனால் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த சீட்டை வாங்கிவிடுவது நல்லது.

"போதை மருந்தையா பிள்ளைக்குக் கொடுக்கிறே?" என்று உறவினர்கள் கேட்பதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். பெரியவர்கள் தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு உள்ளதால்தான் இந்தக் கட்டுப்பாடு. சிறுவயதில் சிகிச்சையாக எடுத்துக்கொண்டவர்கள் பிற்காலத்தில் போதைக்கு அடிமையாவது அதிகரிப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான ஆய்வு காட்டவில்லை. வீட்டில் மாத்திரையைப் பூட்டி வைப்பது மட்டும் கட்டாயம்.

எங்கே போகலாம்?

ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் எனப்படும் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம், பரிசோதிக்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏடிஹெச்டியையும் வைத்திருக்கிறது. இதன் கீழ் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

உங்கள் குழந்தைக்கு 6 வயது ஆகாத நிலையில் முதல் சந்திப்பிலேயே மாத்திரை எழுதப்பட்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: "முதல்ல எங்களுக்குப் பயிற்சி கிடைக்குமா? எத்தனை மாசம் பார்க்கலாம்? மாத்திரை ஆரம்பிச்சா எடையை யார், எப்போ பார்ப்பாங்க?" இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல நேரம் ஒதுக்காத இடத்தில், இன்னொரு குழந்தைகள் மனநல மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.