ஒரே பில் என்னும் இருட்டு

லண்டன் தமிழர் வீடுகளில் காஸ், கரண்ட் பற்றிப் பேச்செடுத்தால் தீர்ப்பு தயாராக இருக்கும். "ரெண்டையும் ஒரே கொம்பனியிட்ட எடுங்கோ. ஒரே பில், ஒரே ஃபோன் நம்பர், தலையிடி இல்லை." கோயிலிலும் இதைத்தான் சொல்கிறார்கள், ஈஸ்ட்ஹாம் கடைகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள். யாருக்குத் தலையிடி இல்லை என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளிவைப்போம். பில் அனுப்பும் கொம்பனியை மாற்றினால் குழாயோ கம்பியோ மாறாது. வட லண்டனில் காஸ் குழாய்கள் கேடன்டின் பொறுப்பு, தெற்கில் எஸ்ஜிஎன்னின் பொறுப்பு. யாரிடம் வாங்கினாலும் வருவது அதே காஸ்தான். 2021இல் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட கொம்பனிகள் அடுத்தடுத்து விழுந்தன. வாடிக்கையாளர்களை வேறு கொம்பனிகள் பொறுப்பேற்றன, அடுப்புகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆகவே நாம் தெரிவு செய்வது எரிபொருளை அல்ல, கணக்கை. கணக்கென்றால் அது தெளிவாக இருக்கவேண்டாமா?

நடுத்தரப் பாவனையுள்ள வீடு ஆண்டுக்கு 11,500 யூனிட் காஸும் 2,700 யூனிட் கரண்டும் எடுக்கும் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் 2024இல் வைத்திருந்தது. 2024 ஒக்டோபர் விலை உச்சவரம்பில் காஸ் யூனிட் 6 பென்ஸுக்குச் சற்று மேல், கரண்ட் யூனிட் 24½ பென்ஸ். பெருக்கிப் பாருங்கள். காஸுக்கு 700 பவுணுக்குச் சற்று மேலே வரும், கரண்டுக்கு 660 அளவில் வரும். தொகைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் செலவாகும் வழி வேறு. காஸ் குளிர்காலத்தில் ஹீட்டிங்கால் ஏறும். கரண்ட் வருடம் முழுக்க கேத்தல், ஃபிரிட்ஜ், டிரையர் என்று போகும். இரண்டையும் கூட்டி, பன்னிரண்டால் பிரித்து, மாதம் ஒரே தொகையாக டிரெக்ட் டெபிட்டில் எடுத்தால், எதைக் குறைப்பது என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

என் மாமி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கொம்பனியின் பெயர் வேண்டாம். பழைய காஸ் மீற்றர்கள் கன அடியில் அளக்கும், புதியவை கன மீற்றரில் அளக்கும். மாமி வீட்டு மீற்றர் புதியது, கொம்பனியின் பதிவில் அது பழையது. ஒரு கன மீற்றர் எரிந்தால் நூறு கன அடி என்று, அதாவது 2.83 மடங்காக, கணக்கு விழுந்தது. மாதத் தொகை ஏறிக்கொண்டே போனது. மாமி சந்தேகப்பட்டது கரண்டை. ஹோல் லைட்டை நிறுத்தினா, டிரையரைத் தொடாமல் விட்டா, பின்னேரங்களில் டிவியும் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க இருட்டுக்குள் இருந்து கரண்டில் மிச்சம் பிடித்ததைக் காஸ் கணக்கு தின்றுவிட்டது. பில்லின் முதல் பக்கத்தில் இருந்தது ஒரேயொரு தொகை. உள்பக்கங்களை விரித்து இரண்டையும் நான் தனித்தனியே கூட்டியபோதுதான் பிழை தெரிந்தது.

இதே மாமிக்கு, வெள்ளவத்தையில் இருந்த காலத்தில், 12.5 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்பது விரல்நுனியில் இருந்தது. கரண்ட் பில் மின்சார சபையிலிருந்து தனியாக வரும். எது கூடினாலும் அன்றே தெரிந்துவிடும். அந்த அறிவைத்தான் இங்கே வசதி என்ற பெயரில் வாங்கிவைத்துக்கொள்கிறார்கள்.

"சேர்த்து எடுத்தால் கழிவு உண்டே?" என்பார்கள். சில வேளை உண்டு. ஆனால் நாட்கட்டணம் காஸுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. ஒரே கொம்பனி என்பதற்காக ஒன்று மறைந்துவிடாது. வேறொரு கொம்பனியின் காஸ் யூனிட் அரைப் பென்ஸ் குறைவாக இருந்தாலே 11,500 யூனிட்டில் 57 பவுண் மிஞ்சும். கழிவு அதைவிடப் பெரிதா என்று கூட்டிப் பார்த்தீர்களா?

இரண்டு கணக்கு முதியவர்களுக்குப் பாரம் என்பதை மறுக்கமாட்டேன். ஃபோனில் ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்கள் அவர்கள். அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியது பிள்ளைகள். மகனுக்கு ஒரு பாஸ்வேர்ட் குறையும் என்பதற்காகத் தாயின் கணக்கை ஒன்றாக்கிவிட்டு, அம்மாவின் வசதிக்குத்தான் செய்தேன் என்று சொல்லவேண்டாம்.

சேர்த்துத்தான் எடுப்பேன் என்பவர்கள் எடுக்கட்டும். விலை பார்த்து எடுத்தால் அதில் தவறில்லை. ஆனால் சம்மதிக்கும் முன் ஐந்து எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: காஸ் யூனிட் விலை, காஸ் நாட்கட்டணம், கரண்ட் யூனிட் விலை, கரண்ட் நாட்கட்டணம், இடையில் ஒன்றை மட்டும் விட்டால் கட்டவேண்டிய தண்டம். ஐந்தையும் சொல்லாமல் "மாசம் இவ்வளவுதான் அண்ணை" என்று மட்டும் சொல்பவர் தமிழராக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள்.