கணினி எண்ணட்டும், கல்லுக்குப் பெயர் வைக்க வேண்டாம்

ரொம்ப நாளாக மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்த விஷயம். ரெண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சின்னப் பெண் முன்னால் வெடித்துவிட்டேன். பாவம், அவள் மேல் தப்பே இல்லை. மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேராடூனில் எங்கள் தெருவில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. பொண்ணு எம்.எஸ்ஸி. ஜியாலஜி, கடைசி வருஷம். "அண்ணா, இவ ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன், அடுத்த மாசம் குடுக்கணுமாம்" என்று அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். 24 மணற்கல் மாதிரிகள், எல்லாம் மோஹண்ட் பக்கம் எடுத்தவை. டெல்லியிலிருந்து இங்கே சாலை வழியாக வந்தவர்களுக்குத் தெரியும், சமவெளி முடிந்து சட்டென்று குன்றுகள் ஆரம்பிக்கிற இடம். அங்கே சாம்பல் நிறத்தில் சுவர் மாதிரி நிற்பதுதான் மத்திய சிவாலிக் மணற்கல். இமயமலை எழும்ப எழும்ப ஆறுகள் அதை அரித்துக் கொண்டுவந்து கொட்டிய மணல், இறுகிக் கல்லானது.

ரிப்போர்ட் பளபளவென்று இருந்தது. கலர் கலராக முக்கோண வரைபடம், இரண்டு தசமம் வரைக்கும் சதவீதம். எல்லாக் கல்லுக்கும் ஒரே பெயர்: 'லிதிக் கிரேவாக்'.

"எத்தனை நாள்ம்மா எண்ணினே?"

"எண்ணலை அங்கிள். போட்டோ எடுத்து சாஃப்ட்வேர்ல போட்டேன். அதுவே பிரிச்சு, எண்ணி, பேரும் குடுத்துடுச்சு. ரெண்டே சாயங்காலம்!"

அங்கேதான் எனக்குச் சூடேறியது.

ஜியாலஜி தெரியாதவர்களுக்கு: பொங்கலுக்கு அரிசியும் பாசிப்பருப்பும் கலந்து வைத்திருக்கிறீர்கள். பருப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வெந்ததா என்று பார்க்கத்தான் சரி, இதற்கு உதவாது. தாம்பாளத்தில் பரப்பி, மேலே ஒரு கட்டம் போட்ட வலையை விரித்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் கீழே இருப்பது அரிசியா பருப்பா என்று குறித்துக்கொண்டே போனால் விகிதம் கிடைத்துவிடும். மணற்கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து இதையே செய்வதுதான் பாயிண்ட் கவுண்டிங். வழக்கமாக 300 புள்ளிகள், சிலர் 500. பரப்பளவின் விகிதமே கனஅளவின் விகிதம் என்று டெலஸ் 1847-லேயே சொல்லிவிட்டார், அடிப்படை அவ்வளவு பழசு.

நான் சாஃப்ட்வேருக்கு எதிரி இல்லை. சேர்ந்த புதிதில் டைப்ரைட்டர் மாதிரி சாவிகள் உள்ள கவுண்டரை டக்டக்கென்று தட்டி, எண்ணிக்கை விட்டுப்போய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து அழுதவன் நான். ஜேமைக்ரோவிஷன் மாதிரி இலவசமாகவே நல்ல நிரல் இருக்கிறது. புள்ளியைக் காட்டும், நாம் என்ன சொல்கிறோமோ அதைக் கூட்டிக்கொள்ளும். கணக்குப்பிள்ளை வேலை, அதைத் தப்பில்லாமல் செய்கிறது. என் சண்டை, கணக்குப்பிள்ளையை முதலாளி நாற்காலியில் உட்கார வைப்பதோடுதான்.

ஒரு போட்டோவில் என்ன தெரியும்? குவார்ட்ஸும், கோடுகள் இல்லாத பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஸ்டேஜைச் சுற்றி, ஒளியைக் கூட்டிக் குறைத்து, அதுவும் போதாமல் ரசாயனத்தில் தோய்த்து ஃபெல்ட்ஸ்பாரை மஞ்சளாக்கித்தான் பிரிக்கிறோம். இரண்டு போலரைஸர் போட்டு எடுத்த படத்தில் காலித் துளையும் கருப்பு, அந்தக் கோணத்தில் அணைந்து நிற்கும் குவார்ட்ஸும் கருப்பு. சுற்றிப் பார்த்தால் குவார்ட்ஸ் மறுபடி வெளிச்சமாகும், துளை ஆகாது. ஒற்றைப் போட்டோ சுற்றாதே!

அவள் கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து, வீட்டில் இருக்கும் என் பழைய மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். சாஃப்ட்வேர் சொன்ன கணக்கு: 300 புள்ளியில் குவார்ட்ஸ் 150, ஃபெல்ட்ஸ்பார் 24, பாறைத் துணுக்கு 30, மேட்ரிக்ஸ் எனப்படும் நுண்சேறு 66, மீதி 30 சிமெண்டும் மைக்காவும். மேட்ரிக்ஸ் 22 சதவீதம். பெட்டிஜான் முறையில் 15-ஐத் தாண்டினால் வாக் வகை, அதனால் கிரேவாக்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்த 66-ஐ ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 48 சேறே இல்லை! ஃபில்லைட் துணுக்குகள். மென்மையான பாறை, மேலே படிந்த பாரத்தில் நசுங்கி, பக்கத்து மணிகளின் இடுக்கில் பிசைந்த மாவு மாதிரி புகுந்திருக்கிறது. ஓரத்தைக் கவனித்தால் பழைய மணியின் உருவம் தெரியும். போலி மேட்ரிக்ஸ் என்று டிக்கின்ஸன் 1970-லேயே எச்சரித்தது இதைத்தான். திருத்திப் போட்டால் மேட்ரிக்ஸ் வெறும் 6 சதவீதம். பாறைத் துணுக்கு 15-லிருந்து 31 ஆகிறது. கல்லின் பெயரே மாறி லிதிக் அரினைட்.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். இந்த ஃபில்லைட் எங்கிருந்து வந்தது? இமயமலையின் உருமாறிய பாறைகள் அரிபட்டு வந்ததற்கு அதுதான் சாட்சி. சாட்சியைச் சேறு என்று எழுதிவிட்டோம். இந்த அட்டவணையை நாளைக்கு வேறொருவர் எடுத்துத் தன் கட்டுரையில் சேர்ப்பார். ஸ்லைடை யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொரு கூத்து, மெனுவில் இருக்கும் 'முறை' என்ற பட்டன். ஒரு கிரானைட் துணுக்குக்குள் பெரிய குவார்ட்ஸ் மேல் புள்ளி விழுந்தால், பழைய மரபு முறையில் அது பாறைத் துணுக்கு. காஸ்ஸி-டிக்கின்ஸன் முறையில், அந்தப் படிகம் 0.0625 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் குவார்ட்ஸ். ஒரு முறையில் எண்ணிவிட்டு அடுத்ததன் முக்கோணத்தில் புள்ளி வைத்தால், அது இட்லித் தட்டில் தோசை ஊற்றுவது. நிரல் ஒரு வார்த்தை எச்சரிக்காது, சமர்த்தாக ஊற்றிக் கொடுக்கும். அவள் எந்த முறை என்று கேட்டேன். "டீஃபால்ட் அங்கிள்." வழிகாட்டியும் கேட்கவில்லையாம். (அவரைத்தான் முதலில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைக்க வேண்டும்.)

தசமம் வேறு! 300-ல் 281 குவார்ட்ஸ் என்றால் 93.67 என்று அச்சடிக்கிறது. அதன் பிழை கூட்டியோ குறைத்தோ 2.8, அதாவது 91-லிருந்து 96.5 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். குவார்ட்ஸ் அரினைட்டின் எல்லை 95. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு, 1200 புள்ளி எண்ண வேண்டும். வான் டெர் ப்ளாஸும் டோபியும் இதற்கு 1965-லேயே வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஆபீஸில் இதைச் சொன்னால், "சார், மனுஷனும் தப்புப் பண்றானே, ரெண்டு பேர் எண்ணினா ரெண்டு கணக்கு வருதே" என்கிறார்கள். வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். நானே திங்கட்கிழமை ஒரு மாதிரி, வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி எண்ணுவேன். ஆனால் என்னோடு நீங்கள் ஒரு மணியை வைத்துச் சண்டை போடலாம். படங்களைக் காட்டிப் பழக்கிய நிரலும் யாரோ ஒருவர் பெயரெழுதிக் கொடுத்த மணிகளைத்தானே கற்றிருக்கிறது? அவர் ஃபில்லைட்டைச் சேறு என்று எழுதியிருந்தால், அது லட்சம் தடவையும் தவறாமல் சேறு என்றே சொல்லும். 300 புள்ளிக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. 24 ஸ்லைடுக்கு 36 மணி நேரம். இரண்டு வருஷப் படிப்பில் இது கூடவா முடியாது?

இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறாள். எண்ணிக்கை கணினியில், பெயர் அவள் வாயிலிருந்து. அவள் அம்மா டப்பாவில் முறுக்கு கொடுத்தனுப்புகிறார், ஸ்லைடில் எண்ணெய்க் கை படாமல் நான் காவல். நேற்று ஏழாவது முடிந்தது. அதில் நிஜமாகவே சேறு, 51 புள்ளி, 17 சதவீதம்.

"பாத்தீங்களா அங்கிள், இது கிரேவாக்தான். சாஃப்ட்வேர் சரியாத்தான் சொல்லிருக்கு!"

"பிழை போட்டியா?"

போட்டாள். 4.3. பதினைந்து நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. முனகிக்கொண்டே இன்னும் 300 புள்ளி எண்ண உட்கார்ந்துவிட்டாள்.