வால்வுப் பெட்டி வேண்டுமா, வேண்டாவா?

நம் இல்லத்தில் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்துவந்தது. வாதி நம் தாய்மாமன். பிரதிவாதி அவரை ஈன்ற நம் பாட்டியார். வழக்குப் பொருளோ, பரண்மீது பழம்பாய் போர்த்துக் கிடந்த ஒரு வால்வுத் தொலைக்காட்சிப் பெட்டி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உணவகம் நடத்தும் ஒருவர் அப்பெட்டியை எண்ணாயிரம் ரூபாய்க்குக் கேட்டார். உள்ளிருப்பவற்றையெல்லாம் பறித்தெறிந்துவிட்டு, மரக்கூட்டினுள் மீன்தொட்டி அமைப்பது அவர் கருத்து. மாமன் இசைந்தார். பாட்டியாரோ, "அவர் வாங்கினது, பேசினாலும் பேசாவிட்டாலும் இருக்கட்டும்" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். இருவர்க்கும் நடுவே தீர்ப்புரைக்க நாம் அமர்த்தப்பெற்றோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு மின்கருவியின் விஷயத்தில் என்ன அதிகாரம் என்று அன்பர்கள் வினவக்கூடும். வேறெவரும் வீட்டில் ஓய்வாக இல்லை என்பதே அதற்கு விடை.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர்ச் சாலையை அடுத்தது நம் வீடு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அடையாற்று வெள்ளம் அப்பகுதியில் புகுந்தபோது, தரையில் இருந்த குளிர்ப்பெட்டியும், துணி துவைக்கும் பொறியும், அவ்வாண்டே வாங்கிய தட்டைத் தொலைக்காட்சியும் ஒருங்கே மாண்டன. உதவாதென்று பரணில் ஏற்றப்பட்ட கிழப்பெட்டி மட்டும் நனையாமல் தப்பியது. அப்போது நமக்கு வயது ஒன்பது. அன்றுமுதல் அதன்மேல் நமக்கு ஒருவகை மரியாதை உண்டு என்பதை ஒளியாமல் கூறிவிடுகிறோம்; நடுவர் முற்றிலும் நடுநிலையர் அல்லர்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. பம்பாய்க்கு 1972-இல் வந்தது. சென்னைக்கு 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளே கிட்டிற்று. நம் பாட்டனார் 1977-இல் இப்பெட்டியை வாங்கினார். அக்காலத்தே அதற்கு ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். மாடியின்மேல் அலுமினியக் கம்பிகளாலான ஆன்டெனா ஒன்று, சேப்பாக்கத்துச் சுவாமி சிவானந்தா சாலை நிலையத்தை நோக்கி வடக்குமுகமாக நிற்கும். மீனம்பாக்கத்தில் வானவூர்தி இறங்கும்போதெல்லாம் படம் நடுங்கும். தெருவில் மோட்டார் சைக்கிள் சென்றால் வெண்புள்ளிகள் கோடுகோடாக ஓடும். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் தெருவிலுள்ளார் அனைவரும் நம் கூடத்தில் பாய்விரித்து அமர்வராம். பெட்டியின் முகப்பில் இருபுறமும் இழுத்து மூடும் மரக்கதவுகளும், அவற்றுக்கு ஒரு பூட்டும் உண்டு. தேர்வுக்காலத்தில் அச்சாவியைப் பாட்டனார் எங்கோ ஒளித்துவிடுவார் என்று கேள்வி.

நிற்க. இதனைப் பழுதுபார்க்கத் துணிந்தோம் என்று சொன்னவுடன் நம் விடுதித் தோழர் ஒருவர் நகைத்தார். அவர் சொல் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. "அலையே இல்லாத ஊரில் பெட்டி எதற்கு?" என்றார். உண்மைதான். பிரசார் பாரதி, எல்லைப்புறத்திலும் பிறவிடங்களிலும் இன்றியமையாத சில நிலையங்கள் நீங்கலாக, தரைவழியாகப் பரப்பிய பழைய முறை ஒளிபரப்பை 2022-ஆம் ஆண்டு மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் 2009-இலேயே பெருநிலையங்கள் அம்முறையைக் கைவிட்டன. சேப்பாக்கம் நோக்கி நின்ற ஆன்டெனாவுக்கு இன்று வானத்தில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. கிணறு வற்றியபின் இராட்டினத்துக்கு எண்ணெய் இடுவானேன் என்பதே தோழர் கேள்வியின் பொருள்.

இக்கேள்விக்கு விடை வேலையினூடே கிடைத்தது. ஆகையால் வேலையை முதலிற் கூறுவோம்.

சண்முகம் சாலைப் பக்கத்தில் முன்னர்க் கடை வைத்திருந்து, இப்போது எழுபது வயதைக் கடந்து வீட்டிலிருக்கும் ஒரு மெக்கானிக் ஐயாவைத் தேடிப்பிடித்தோம். அவர் முதலில் இட்ட கட்டளை, "மின்சாரத்தில் சொருகாதே தம்பி" என்பது. நாற்பது ஆண்டு உறங்கிய பெட்டியை நேரே சொருகினால், உலர்ந்துபோன மின்தேக்கிகள் வெடித்து, வேறு நல்லுறுப்புகளையும் உடன்கொண்டு போகும். (மின்தேக்கி என்பது நம் பாடநூற் சொல். ஐயாவுக்கும் ரிச்சி தெருவுக்கும் அது 'கண்டென்சர்' தான். அங்கே சென்று மின்தேக்கி கேட்டபோது கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.) அடுத்த கட்டளை, பின்மூடியைக் கழற்றி, படக்குழாயின் கழுத்தைப் பார் என்பது. கழுத்தின் உட்புறத்தே வெள்ளிபோல் மின்னும் பூச்சு ஒன்று உண்டு. உள்ளே எஞ்சிய காற்றை உறிஞ்சிக்கொள்ளும்பொருட்டுப் பூசப்பட்டது அது. வெற்றிடம் காக்கப்பட்டிருந்தால் அது வெள்ளியாகவே மின்னும். காற்றுப் புகுந்திருந்தால் சுண்ணாம்புபோல் வெளுத்துவிடும். வெளுத்த குழாய்க்கு வைத்தியம் இல்லை. நம்முடையது மின்னிற்று.

இப்பெட்டி பாதி டிரான்சிஸ்டரும் பாதி வால்வுமான கலப்பினம். நுண்ணிய அலைகளை வாங்கும் முன்பகுதி டிரான்சிஸ்டர். வலிமை வேண்டும் இடங்களில் வால்வு. வால்வுகளின் பெயர்கள் 'பி' என்னும் எழுத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அவற்றின் இழைகளெல்லாம் 300 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் ஒளிர்வன. ஆதலின் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சரத்தில் கோக்கப்பட்டிருக்கும். ஒன்று அவிந்தால் அனைத்தும் அவியும், கிறிஸ்துமஸ் மரத்துப் பழைய விளக்குச் சரம்போல. பின்மூடியின் உட்புறத்தில் மின்சுற்றுப் படம் முழுவதும் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தது. தன்னை எவ்வாறு திருத்துவதென்று தன் முதுகிலேயே எழுதிவைத்துக்கொண்டு விற்பனைக்கு வந்த பொருள் அது! இக்காலத்துப் பொருள்களுள் அத்தகைய நேர்மையுடையது எதுவென்று நாம் எண்ணிப் பார்த்தும் புலப்படவில்லை.

உலர்ந்த மின்தேக்கிகளை மாற்றியபின், ஐயா ஒரு பெரிய மின்விளக்கைத் தொடரில் இணைத்து, அதன் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் ஊட்டினார். உள்ளே குறுக்குத்தொடர்பு இருந்தால் விளக்கு பளீரென்று எரியும்; பெட்டி பிழைக்கும். விளக்கு மங்கலாகவே நின்றது. பின்னர் நேராக இணைத்தோம். அரை நிமிடத்தில் இழைகள் சிவந்தன. ஒலிபெருக்கியிலிருந்து இரைச்சல் எழுந்தது. திரை இருண்டே இருந்தது. 'பி.எல். 504' என்னும் வால்வின் உலோகத் தகடு கொல்லன் உலையிரும்புபோல் சிவக்கத் தொடங்கவே, ஐயா "அணை, அணை" என்றார்.

அவ்வால்வின் தொழில் கடினமானது. படம் என்பது நொடிக்கு 25 முறை, ஒவ்வொரு முறையும் 625 கோடுகளாக, எலெக்ட்ரான் கற்றை திரையில் எழுதும் எழுத்து. ஆகவே நொடிக்கு 15,625 முறை அக்கற்றையை இடமிருந்து வலம் இழுத்து மீண்டும் துள்ளவிட வேண்டும். அத்துள்ளலிலிருந்தே படக்குழாய்க்கு வேண்டிய பதினையாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தமும் பிறக்கிறது. தாளத்தைக் கொடுப்பது முன்னிற்கும் வேறொரு வால்வு. தாளம் நின்றுவிட்டால் இவ்வால்வு கட்டுப்பாடிழந்து, மிகுந்த மின்னோட்டம் தாங்காது சிவந்து, அழியும். ஆகவே சிவந்தது ஒன்று, நோய் மற்றொன்றில். தாளம் தரும் பகுதியில் ஒரு சிறு மின்தேக்கி பழுதுற்றிருந்தது. விலை சில ரூபாய். அதனைக் கண்டுபிடிக்க மூன்று சனிக்கிழமைகள் சென்றன.

மாற்றிப் போட்டபின் ஐயா பெட்டியின் பக்கம் செவியைச் சாய்த்து, "விசில் வருகிறதா தம்பி?" என்றார். அந்த 15,625 துடிப்பும் மிக மெல்லிய சீழ்க்கையாக ஒலிக்கும், இளஞ்செவிக்கே கேட்கும். நமக்குத் தெளிவாகக் கேட்டது. அவ்வொலியைக்கொண்டே ஆயிரம் பெட்டிகளை நோய் அறிந்தவர்க்கு அது இப்போது கேட்கவில்லை. "வருகிறது, ஐயா" என்றோம். நம் தோழரின் கேள்விக்கு நாம் தரும் முதல் விடை அவ்விடத்தே பிறந்தது. அவர் அறிவும் நம் செவியும் சேர்ந்தாலன்றி அப்பெட்டி திருந்தாது; இன்னும் பத்தாண்டு பொறுத்தால் அவ்வறிவைக் கேட்டுப்பெற இடமிராது. பெட்டி பயன்படுமா என்பது ஒரு கேள்வி. பழுதுபார்த்தல் பயன்படுமா என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புதலே மீன்தொட்டிக் கட்சியாரின் பிழை.

இனி, ஆபத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். ஏனெனில் இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரேனும் தம் வீட்டுப் பரணில் ஏறிவிடக்கூடும். இத்தகைய பெட்டிகளுள் பலவற்றில் உலோகச் சட்டமே மின்கம்பியின் ஒரு முனையோடு நேரே இணைந்தது. இருகால் செருகியை மாற்றிச் சொருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட். தனிப்படுத்தும் மின்மாற்றி இடையில் இன்றித் தொடுதல் அறிவீனம். அணைத்த பின்னரும் படக்குழாய் தன் மின்னேற்றத்தை நெடுநேரம் பிடித்துவைத்திருக்கும். அதனை முறைப்படி இறக்காமல் கைவைத்தலாகாது. 61 சென்டிமீட்டர்த் திரையின் முகப்பில் காற்று அழுத்தும் மொத்த விசை ஒன்றே முக்கால் டன்னுக்கு மேல். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கண்ணாடி உள்வெடிக்கும். ஐயா எப்போதும் இடக்கையைப் பின்னே கட்டிக்கொண்டு வலக்கையால் மட்டும் அளப்பார். மின்சாரம் ஒரு கையிலிருந்து மறுகைக்கு நெஞ்சின் வழியே செல்லாதிருத்தற்கு. நாம் ஒருநாள் அதனை மறந்து தூக்கி எறியப்பட்டோம். ஐயா நம்மைக் கடியவில்லை. அன்று வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அது கடிந்ததைவிடப் பெரிது. தனியாக இருக்கையில் இவ்வேலையைச் செய்தல் கூடாது என்பதே நம் முடிந்த அபிப்பிராயம்.

அற்றேல், பழைய பெட்டி அனைத்தையும் திருத்தவேண்டுமோ எனின், வேண்டா. குழாய் வெளுத்துப்போனவற்றைப் போகவிடுதலே தக்கது. ஆனால் போகும் இடம் காயலான் கடையாக இருத்தல் ஆகாது. அங்கே கழுத்திலுள்ள செம்புக்கம்பிக்காகக் குழாயை உடைத்து, ஈயங்கலந்த கண்ணாடியைக் குப்பையில் கொட்டுவதை நம் சுற்றுப்புறத்திலேயே கண்டிருக்கிறோம். மின்னணுக் கழிவு பற்றிய புதிய விதிகள் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. முறையாகப் பிரித்தெடுப்போரிடம் சேர்ப்பிக்கலாம்.

தோழர்க்கு மற்றொரு விடையும் உண்டு. தட்டைப் பெட்டி ஒன்று பழுதானால், வருபவர் உள்ளிருக்கும் பலகையை முழுவதுமாக மாற்றுகிறார். அல்லது "புதிது வாங்கிவிடுங்கள்" என்கிறார். எவ்வுறுப்பு ஏன் கெட்டது என்று அவரும் அறியார். அறிந்துகொள்ள அவரை எவரும் விடுவதுமில்லை. 2022-ஆம் ஆண்டு நடுவண் அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழுவொன்றை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கியது. நன்று. ஆனால் உரிமை கிடைத்தபின் அதனைப் பயன்படுத்தக் கை வேண்டுமன்றோ? கையைப் பழக்குதற்குக் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளும், முதுகில் மின்சுற்றுப் படமும் உடைய கிழப்பெட்டியினும் சிறந்த ஆசிரியர் இல்லை. நம் கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை ஒட்டி ஒரு மேசையும், மின்னோட்டத்தைத் தனிப்படுத்தும் கருவியும், சனிக்கிழமைகளில் வந்து அமர இத்தகைய முதியோர் ஒருவர்க்கு ஒரு நாற்காலியும் சிறு சம்பளமும் அளித்தால், பெருஞ்செலவாகாது. கல்லூரித் தலைவர்கள் இதனைக் கருதுவாராக. அம்முதியோர் சொல்லுவனவற்றை எழுதிவைக்கும் பணியை நம் தமிழ்த்துறை மாணாக்கர் ஏற்கலாம். 'ரோல் ஓடுகிறது', 'ஹைட் இல்லை' என்று அவர்கள் வழங்கும் சொற்களுக்கு அகராதி இன்னும் எழுதப்படவில்லை.

இனி வழக்கின் முடிவு. திரையில் முதலில் தோன்றியது நடுவே ஒரு பட்டை. மேலும் கீழும் விரிக்கும் பகுதியில் இன்னொரு மின்தேக்கியை மாற்றியதும் திரை முழுதும் நிரம்பிற்று. எள்ளும் அரிசியும் கலந்து கொதிப்பதுபோன்ற புள்ளிகள். அவற்றுள் ஒரு சிறு பங்கு, அண்டம் தோன்றிய காலத்தின் எஞ்சிய கதிர்வீச்சால் வருவது. அக்கதிர்வீச்சைப் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் கண்டறிந்து 1965-இல் வெளியிட்டனர். ஆகவே வானத்தில் ஒன்றுமே இல்லை என்ற தோழர் கூற்றும் முழு உண்மையன்று. பாட்டியார் வந்து பார்த்து, "நிலையம் மூடினபிறகு இப்படித்தான் இருக்கும், அவர் இதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார்" என்றார். ரிச்சி தெருவில் வாங்கிய சிறு மாடுலேட்டர் ஒன்றின் வழியாக, 'பொதிகை' என்னும் பெயர் மாறி 2024 ஜனவரி முதல் 'டிடி தமிழ்' ஆகிய அலைவரிசையை மறுவாரம் அதில் வரவழைத்தோம். வண்ணமெல்லாம் சாம்பலாகத் தோன்றியது. பாட்டியார்க்கு அதுவே இயல்பாயிருந்தது.

ஞாயிறன்று வழிபாடு முடிந்து மாமன் வந்தார். உணவகத்தாரைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. சிறிது நேரம் படத்தைப் பார்த்தார். பின்னர் மரக்கதவுகள் இரண்டையும் இழுத்து மூடினார், மறுபடி திறந்தார். பூட்டின் துளையில் விரலை வைத்துத் தடவிவிட்டு, "அம்மா, அப்பா இதன் சாவியை எங்கேதான் ஒளித்துவைப்பார்?" என்று கேட்டார்.