கழிவைப் பார்த்தோம், நிபந்தனையைப் பார்த்தோமா?

மொத்த வியாபாரியிடம் சரக்கெடுக்கப் போனால் கழிவு எத்தனை வீதம் என்று மட்டுமா கேட்கிறோம்? பழுதானால் திருப்பி எடுப்பாரா, ஏற்றுக்கூலி யார் பொறுப்பு என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். அதே நாம், பாடசாலை விடுமுறைக்கு ஒன்லைனில் ஹோட்டல் அறை பதியும்போது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம். '40 வீதக் கழிவு' என்று கண்டால் போதும், விரல் தானாகவே அழுத்திவிடுகிறது.

இப்படி மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். தம்பி குடும்பத்தோடு சேர்ந்து வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். இரண்டு அறைகள், இரண்டு இரவுகள். முழுப் பணத்தையும் கடனட்டையில் கட்டியாயிற்று. கித்துல்கலயைத் தாண்டும்போது தம்பியின் சின்ன மகனுக்குக் கடும் காய்ச்சல். வேனைத் திருப்பினோம். ஹோட்டலுக்குப் பேசினால், "இது பணம் திருப்பித் தராத விலை" என்றார்கள். அவர்களில் பிழையில்லை. நிபந்தனை எழுதித்தான் இருந்தது, நான்தான் வாசிக்கவில்லை. கடையின் இரண்டு நாள் இலாபம் அப்படியே போயிற்று.

அன்றிலிருந்து மூன்று விடயங்களைப் பார்க்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

முதலாவது, கடைசித் தொகை. 20,000 ரூபா என்று பெரிதாகப் போட்டு, 'வரிகளும் கட்டணங்களும் தனி' என்று சிறிதாகப் போட்டிருப்பார்கள். சேவைக் கட்டணம் 10 வீதம், 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். ஆகக் குறைந்தது 25,600 ரூபா ஆகிவிடும். கழிவில் ஒரு பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

இரண்டாவது, ரத்துச் செய்யும் கடைசித் திகதி. வீதிப் பயணத்தில் மழை, மண்சரிவு, வாகனப் பழுது எதுவும் வரலாம். சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் ரத்துச் செய்யக்கூடிய அறையே இலாபம்.

மூன்றாவது, சாரதி. அவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் உண்டா என்பதைத் தொலைபேசியில் கேட்டால்தான் தெரியும். ஹலால் சாப்பாட்டு விடயமும் அப்படித்தான்.

இன்னொன்று. புக்கிங் டொட் கொம், அகோடா இரண்டிலும் விலை பார்த்துவிட்டு, இரண்டு கடை ஏறி இறங்கியதாக நினைக்கிறோம். இரண்டும் ஒரே அமெரிக்க நிறுவனத்தின் கடைகள்தான். இத்தகைய தளங்களுக்கு ஹோட்டல்காரர் பெரும்பாலும் 15 வீதமளவில் தரகு கொடுக்கிறார். எனவே பதிவதற்கு முன் ஹோட்டலுக்கே நேரடியாகப் பேசிப் பாருங்கள். விலையைக் குறைக்காவிட்டாலும் காலை உணவையோ சாரதிக்கு ஓர் அறையையோ சேர்த்துத் தருபவர்கள் உண்டு.

ஆனால் தளத்தில் பதிந்துவிட்டு, ஹோட்டல்காரரோடு இரகசியமாகப் பேசி அதை ரத்துச் செய்வது முறையல்ல. ஆள் கொண்டுவந்தவனுக்குத் தரகு சேரத்தான் வேண்டும். நம் கடையில் அப்படிச் செய்தால் நாம் பொறுப்போமா?

தங்குவிடுதி நடத்தும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேரடியாகப் பேசுபவரிடமும் தளத்தின் விலையையே சொல்லி, அந்த 15 வீதத்தையும் நீங்களே வைத்துக்கொண்டால், அடுத்த முறை அவர் உங்களிடம் பேசமாட்டார். பாதியையாவது விட்டுக்கொடுங்கள். வாடிக்கையாளர் உங்களுடையவராகவே இருப்பார்.