லோகோவுக்குத் தமிழ் தெரியாது

கோவையில் ஒரு மளிகைக் கடை வாசலில் எங்கள் கம்பெனியின் ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். பேனர் கட்டி ஒரு வாரம் கழித்து, சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு என்று கூப்பிட்டதால் போயிருந்தேன். கடைக்கார அண்ணன் கல்லாவில் இருந்தபடியே கேட்டார்: "ஏந்தம்பி, உங்க பேரையே தப்பா எழுதி வெச்சிருக்கீங்க. கணக்கு மட்டும் எப்படிச் சரியா வரும்?"

வெளியே வந்து பார்த்தேன். எங்கள் பெயர் 'கொ'வில் ஆரம்பிக்கும். பேனரில் 'க' முன்னால் போய் நின்றிருந்தது. கொம்பு அதன் பின்னால், கால் அதற்கும் பின்னால். ஆறடி அகலத்தில், நல்ல ஆரஞ்சு வண்ணத்தில்.

ஏன் இப்படி ஆனது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பொறியாளன் இல்லையா. யூனிகோடில் 'கொ' என்பது இரண்டே குறியீடுகள்: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து எழுத்துக்கு முன்னும் பின்னும் வைப்பது மென்பொருளின் வேலை. டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த வேலை நடக்காது. ஒரு டிக் அடிக்க வேண்டிய விஷயம். யாரும் அடிக்கவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஏழு பேர் இருந்த வாட்ஸப் குழுவில் அந்தப் படம் வந்தது. ஏழு பேரும் கட்டைவிரல் காட்டினோம்.

இதை டிசைனரின் தவறு என்று சொல்லி முடித்துவிடலாம். எங்கள் ஆபீசில் அப்படித்தான் முடித்தார்கள். நான் சண்டை போட விரும்புவது அந்த இடத்தில்தான்.

அந்த லோகோவுக்கு நான்கு மாதம் செலவழித்தோம். என் அரை வருடச் சம்பளத்துக்கு மேல் பணம் போனது. முதல் கூட்டத்தில் டிசைனர் கேட்டார்: "உங்க கம்பெனி ஒரு மனுஷனா இருந்தா எப்படிப் பேசுவார்?" நாங்கள் சிரித்தோம். பிறகு "நம்பகமானவர், எளிமையானவர், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி" என்று பதில் சொன்னோம். ஆங்கிலத்தில் சொன்னோம். அடுத்து, லோகோ எங்கெல்லாம் வரும் என்று பட்டியல் கேட்டார். அதை எழுதிக் கொடுத்தவன் நான். செயலி ஐகான், இணையதளம், விசிட்டிங் கார்டு, முதலீட்டாளர்களுக்கான ஸ்லைடு. கடை வாசல் பேனரையும் பில் ரசீதையும் நான் எழுதவில்லை. பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் எங்களைப் பார்க்கும் இரண்டே இடங்கள் அவைதான்!

கேட்டதற்குச் சரியாகச் செய்து கொடுத்தார்கள். 64 பக்கத்தில் ஒரு வழிகாட்டிக் கோப்பு. லோகோவைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், ஆரஞ்சு எந்த ஆரஞ்சு, கறுப்புப் பின்னணியில் என்ன செய்வது, எல்லாம் இருந்தது. தமிழுக்கு ஒரு பக்கம். தலைப்பு 'பிராந்திய மொழிகள்'. ஏதாவது ஓர் இலவச எழுத்துரு, ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக. கைதட்டி வாங்கிக்கொண்டோம்.

பால் ராண்ட் என்ற அமெரிக்க டிசைனரைப் பற்றி எங்கள் துறையில் எல்லாரும் பெருமையாகப் பேசுவார்கள். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ செய்ய 1,00,000 டாலர் வாங்கினார். ஒரே ஒரு வடிவம்தான் தந்தார். கூடவே ஒரு சிறு புத்தகம். நான்கு எழுத்துகளில் 'ஈ' மட்டும் ஏன் சின்ன எழுத்தாக இருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக விளக்கியிருந்தார். நாலு எழுத்துக்கு ஒரு புத்தகம். இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னதே எங்கள் நிறுவனர்தான். அவரிடம்தான் பிறகு கேட்டேன், நம் பெயரில் உள்ள 'கொ'வைப் பற்றி யாராவது ஒரு பாரா எழுதியிருக்கிறார்களா என்று. "ப்ரோ, அது ஃபாண்ட் பிரச்சனை" என்றார்.

அது ஃபாண்ட் பிரச்சனை இல்லை. ஆங்கில லோகோக்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு வித்தை, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடுவது. ஒரே உயரம், ஒழுங்கான செவ்வகம். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. 'கி' மேலே ஏறும், 'பு' கீழே இறங்கும். 'ட'வும் 'ப'வும் செங்கோணம், 'ஐ' முழுக்கச் சுருள். 'ர' ஒல்லி, 'ணை' ஒரு வண்டி அகலம். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் ஆங்கிலம் நாகரிகமாகத் தெரியும். அதையே தமிழுக்குச் செய்தால் கொம்பு யாருடையது, கால் யாருடையது என்று தெரியாது. இவற்றை முதல் நாளே யோசித்தால் அழகான கணக்கு. கடைசி நாளில் யோசித்தால் தொல்லை.

"தமிழைப் பெரிதாகப் போடு" என்று மட்டும் சொல்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. பெயர்ப்பலகையில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற அரசு விதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் விதியால் அளவைத்தான் சொல்ல முடியும். ஆறடி அகலத்தில் தவறாக நின்ற எங்கள் 'கொ' அந்த விதியில் தேறிவிடும்.

நமக்கு இது தெரியாத கலையும் இல்லை. ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பெழுத்துகளைக் கையால் வரைந்து கொடுத்தார். அந்தப் பத்திரிகைகளை நடத்தியவர்களிடம் காசு இல்லை, எழுத்தின் மேல் அக்கறை இருந்தது. எங்களிடம் காசு இருந்தது. இன்று பிரியா ரவிச்சந்திரனின் 'கேட்டமரன்', எக் டைப் குழுவின் 'பாலூ தம்பி' போன்ற எழுத்துருக்களை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இல்லாதது எழுத்துரு அல்ல. தமிழில் யோசித்துக் கொடு என்று கேட்கும் வாடிக்கையாளர்.

பேனர் விவகாரத்துக்குப் பிறகு அந்த டிசைனரை அழைத்தேன். கோபமாகத்தான் அழைத்தேன். மதுரைக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு மாதமும் நாங்கள் இருவரும் ஆங்கிலத்திலேயே பேசியிருக்கிறோம். பேசி முடித்ததும் ஒரு படம் அனுப்பினார். எங்கள் பெயரைத் தமிழில் வரைந்திருந்தார். கொம்பின் சுழி அப்படியே 'க'வுக்குள் போய், காலில் வந்து முடிந்தது. முதல் மாதமே வரைந்ததாம்.

"ஏங்க காட்டல?"

"நீங்க கேட்ட லிஸ்ட்ல தமிழே இல்லையே சார்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தை நிறுவனரிடம் கொண்டுபோனேன். நன்றாக இருக்கிறது, அடுத்த வருட பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த வருடமும் போய்விட்டது. பேனரில் கொம்பை மட்டும் இடம் மாற்றி மறுபடி அச்சடித்தோம்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். எங்கள் பில் ரசீதில் கடையின் பெயர் ஆங்கிலத்தில் மட்டுமே வரும். கடைகளில் இருக்கும் சின்ன தெர்மல் பிரிண்டர்களுக்குப் பொதுவாகத் தமிழ் எழுத்து தெரியாது, தமிழைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதற்குச் சற்று நேரம் ஆகும் என்று, தமிழ்ப் பெயரை விட்டுவிட்டு ஆங்கிலப் பெயரை அச்சடி என்று ஒரு வரி எழுதியவன் நான். டிசைனர் இல்லை, நிறுவனர் இல்லை.

அந்த வரியை நீக்கிவிட்டேன். அதற்கு பட்ஜெட் தேவைப்படவில்லை. ரசீது இப்போது அரை நொடி தாமதமாக வருகிறது. கல்லாவில் இருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லை.