உப்புக் காணாத கத்தி

மடக்குக் கத்திகளில் ‘சால்ட்’ என்று ஒரு வரிசை இருக்கிறது. உப்பு என்றுதான் அர்த்தம். அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்துக் கோல்டன் நகரிலுள்ள ஸ்பைடர்கோ கம்பெனி வெளியிடுவது. கடல்நீரில் கிடந்தாலும் துரு ஏறாது என்பது அந்த வரிசை தரும் வாக்குறுதி. மரக்காணத்து உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பெயரைக் கேட்பவனுக்கு முதலில் சிரிப்பு வரும். அடுத்து ஒரு கேள்வி வரும். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இந்தக் கத்தியை உப்பிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்? காட்டாதவனுக்கு அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அருகதை கிடையாது என்பதுதான் என் கட்சி. கத்தி விஷயத்தில் மட்டும் என்றில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வியாபாரம் நடக்கும் விதத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். ஒரு மாடல் பல வருஷங்களாக வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் அதையே வேறு எஃகில், பிடியின் நிறத்தை மாற்றி, குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுவார்கள். சீக்கிரமே தீர்ந்துபோகும். வாங்கியவர்களில் ஒரு சாரார் பெட்டியைத் திறந்து, கத்தியை நாலு தடவை விரித்து மடக்கி, படம் எடுத்து, ‘அபாரம்’ என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பிறகு, முடிந்தால் வாங்கிய விலைக்கு மேல், அது கைமாறும். விற்கும்போது தரப்படும் நற்சான்று மூன்று இல்லைகளால் ஆனது: பையில் வைத்ததில்லை, வெட்டியதில்லை, தீட்டியதில்லை. ஒரு முறை மாம்பழம் நறுக்கினால் விலை இறங்குகிறது. கயிறு அறுத்தால் இன்னும் இறங்குகிறது. சாணைக்கல்லில் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு கருவி தன் காரியத்தை ஒருநாளும் செய்ததில்லை என்பதே அதன் தலைசிறந்த யோக்கியதையாக ஆகியிருக்கிறது.

மரக்காணத்தில் இந்த யோக்கியதை செல்லாது. பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் ஊர் இது. ஒரு பக்கம் வங்கக்கடல், ஒரு பக்கம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி, இடையே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாத்திகள். தை பிறந்து பாத்தி கட்டினால் ஐப்பசி மழை இறங்கும்வரை உப்பு விளையும். அந்த மாதங்களில் காற்றே உப்பு. ஜன்னல் கம்பி, சைக்கிள் சங்கிலி, கதவுக் கொண்டி எதுவும் தப்புவதில்லை. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்வது குரோமியம் தன் மேற்பரப்பில் கட்டிக்கொள்ளும் ஆக்ஸைடுப் படலத்தின் தயவில் நிற்பது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கிறது. முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு குழி. சூடும் ஈரமும் சேர்ந்தால் காரியம் சுருக்காக நடக்கிறது. ‘எவர்சில்வர்’ என்ற பெயரிலுள்ள ‘எவர்’ என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் அவ்வளவு ஆயுள் கிடையாது.

உப்பளத்துக்காரன் இதற்குக் கண்ட விடை மிக எளிமையானது. உப்பு வாரும் இடத்தில் அவன் இரும்பை வைத்துக்கொள்வதில்லை. நீண்ட கழியின் முனையில் ஒரு மரப்பலகை, அவ்வளவுதான். இரும்பால் வாரினால் இரும்பும் போகும், துரு உப்பில் இறங்கிச் சரக்கும் கெடும். இந்தப் பலகை ஒரு விமர்சனத் தீர்ப்பு. இரும்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக, இதைவிட அனுபவ பூர்வமாக எந்த மதிப்புரையும் எழுதப்பட்டதில்லை.

இரும்பைத் தவிர்க்க முடியாதவர்களும் இதே கரையில் இருக்கிறார்கள். மீன் நறுக்குகிற பெண்ணின் அரிவாள்மணை, வலை சீர்செய்கிறவனின் சின்னக் கத்தி, பனையேறியின் பாளை சீவும் அரிவாள். பெரும்பாலும் கொல்லன் பட்டறையில் அடித்தவை. லாரிப் பட்டையை வெட்டி, காய்ச்சி, அடித்துச் செய்த இரும்புக்குத் துருவிலிருந்து எந்தக் காப்பும் கிடையாது. ஆனாலும் அவை துருவால் சாவதில்லை, தேய்ந்து சாகின்றன. ஏனென்றால் தினமும் தீட்டப்படுகின்றன, தினமும் துடைக்கப்படுகின்றன. காலையும் மாலையும் பாளையின் நுனியை ஒரு மெல்லிய சீவல் மட்டும் சீவி எடுக்க வேண்டியவனுக்குக் கூர் என்பது அன்றாட ஜீவனம். மழுங்கிய அரிவாள் பாளையை நசுக்கிவிடும், நசுங்கிய பாளை சுரக்காது. இந்தக் கரையில் துரு என்பது உபயோகிக்காததற்கு விழும் தண்டனை. சேகரிப்பவனோ, துருவே ஏறாத ஓர் எஃகைத் தேடுகிறான், உபயோகிக்காமலேயே இருந்துவிடுவதற்காக.

எஃகின் மீது எனக்குச் சண்டை இல்லை. ‘சால்ட்’ வரிசைக்கு முதலில் வந்த ஹெச்-1 என்ற ஜப்பானிய எஃகில் கார்பனை வெகுவாகக் குறைத்து அதன் இடத்தில் நைட்ரஜனைச் சேர்த்தார்கள். கார்பன், குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாகக் கட்டிவைத்துக்கொள்ளும்; கட்டுண்ட குரோமியம் காப்புப் படலத்துக்கு உதவாது. 2021இல் வெளிவந்த மேக்னாகட் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வகுத்த அந்தச் சேர்மானத்தில் குரோமியம் ஏறக்குறைய 10.7 சதவிகிதம்தான். ஆனால் குரோமியக் கார்பைடு உண்டாகாதபடி வகுத்ததால் அவ்வளவு குரோமியமும் காவலுக்கு நிற்கிறது. கடினமும் உறுதியும் துரு எதிர்ப்பும் ஒன்றாக அமைவது லேசான காரியமல்ல. இது நிஜமான சிந்தனை, நிஜமான உழைப்பு. என் சண்டை சாட்சியோடு. இந்தச் சிந்தனை சரிதானா என்று சொல்ல வேண்டியவன், அதாவது கத்தியைக் கையில் வைத்திருப்பவன், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான்.

விற்கப்போகிறவன் எப்படிக் குறை சொல்வான்? கூர் நாலு நாளில் போய்விட்டது என்று சொல்ல அவன் நாலு நாள் வெட்டியிருக்க வேண்டும். வெட்டியிருந்தால் விலை போயிருக்கும். ஆகவே அவன் பேசுவதெல்லாம் வெட்டாமலே பேசக்கூடியவை: பிடியின் நிறம், மூடும்போது எழும் ஓசை, அலகு நடுவில் நேராக மடங்குகிறதா என்ற சங்கதி, எண்ணிக்கையின் அருமை. இதற்கென்று ஒரு பாஷையே உருவாகிவிட்டது. அது பார்க்க விமர்சனம் போலவே இருக்கும். நுணுக்கம் உண்டு, ஒப்பீடு உண்டு, பரிபாஷை உண்டு. விமர்சனத்துக்கு அடிப்படையான ஒன்று மட்டும் அதில் இராது. தன் பொருள் தோற்கக்கூடிய ஓர் இடத்துக்கு அதை அழைத்துப் போகும் தைரியம் அது.

சேகரிப்பவர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லலாம். அவர்கள் பணம் கொடுத்து வாங்காவிட்டால் இத்தகைய எஃகை உருக்கிப் பார்க்க எந்த ஆலை முன்வரும்? பொருளைக் காப்பாற்றி வைப்பவனும் ஒருவன் வேண்டாமா? முதல் கேள்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டுப் பரீட்சையை நடத்தவிடாதவனுக்கு என்ன பெயர்? கிரிஸ் ரீவ் என்ற தென்னாப்பிரிக்கர் அமெரிக்காவில் குடியேறி, ‘செபென்ஸா’ என்ற பெயரில் ஒரு மடக்குக் கத்தியைப் பிரபலமாக்கினார். ஜூலு மொழியில் அதற்கு ‘வேலை’ என்று பொருள். இன்று அது சேகரிப்பவர்களின் தலையாய மோகங்களில் ஒன்று. பூட்டி வைத்திருக்கும் கத்திக்கு அவர்களிடையே ஒரு செல்லப் பெயரும் உண்டு, பெட்டக ராணி என்று. வேலை என்று பேர் வைத்ததை ராணியாக்கி உட்கார வைத்தாயிற்று.

கைகளின் முறையீட்டிலிருந்து வடிவம் பெற்ற கத்திகளும் இருக்கின்றன. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கியது, குடியானவனுக்கான மலிவான மரப்பிடிக் கத்தி. விரித்த அலகு விரல்மேல் மடங்காமலிருக்க ஒரு திருகு வளையம் 1955இல் சேர்ந்தது. மரப்பிடி ஈரத்தில் ஊதும், அலகு உள்ளே சிக்கிக்கொள்ளும். உபயோகிப்பவன் பிடியின் அடிப்பாகத்தைக் கெட்டியான எதிலாவது ஒரு தட்டுத் தட்டுவான், அலகின் முனை வெளியே வரும். இந்தத் தட்டலுக்கு அந்த மலையின் பெயரிலேயே ஒரு பெயர் உண்டு. ஈரத்துக்குக் கொண்டுபோகாதவனுக்கு இந்தத் தட்டல் தேவைப்படவே படாது. குறை எது என்பதும் அதோடு வாழும் விதம் எது என்பதும் ஒரே அனுபவத்தின் இரண்டு பக்கங்கள். பெட்டகத்துக்காரனுக்கு இரண்டும் இல்லை.

நம் தேசத்தில் இதன் கடைசி அங்கத்தையும் பார்த்துவிட்டோம். உத்தரப்பிரதேசத்து ராம்பூர் மடக்குக் கத்திக்குப் பேர் போன ஊர். ஹிந்தி சினிமாவின் ரவுடிகள் புண்ணியத்தில் ‘ராம்பூரி’ என்பது கத்திக்கே மறுபெயராயிற்று. நீளமான அலகுக்குச் சட்டம் தடை போட்டது, பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2023இல் அந்த ஊர் நாற்சந்தியில் 20 அடி உயரத்துக்கு ஒரு ராம்பூரியை நிறுத்தி விழா எடுத்தார்கள். பட்டறை நலிந்த பிறகு சிலை எழுவது நமக்குப் பழக்கமான சடங்கு. அந்தச் சிலையும் சேகரிப்பவன் வைத்திருக்கும் கத்தியும் ஒரே ஜாதி. இரண்டும் எதையும் வெட்டாது.

எழுதுகிறவர்களுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பேனாக்கத்தி என்ற சொல்லை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும். இறகுப் பேனாவைச் சீவிய கத்தி அது. நம்மிடமும் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு முனையில் எழுதும் ஊசி, இன்னொரு முனையில் ஓலையை வாரும் அலகு, இரண்டும் பிடிக்குள் மடங்கும். எழுதுவதும் வெட்டுவதும் ஒரே கருவியில் குடியிருந்தன. இன்று அது மியூசியத்தின் கண்ணாடிக்குப் பின்னும் பழம்பொருள் கடையிலும் இருக்கிறது. பிடி தந்தமா பித்தளையா என்பதைப் பொறுத்து விலை. எதை எழுதியது என்று கேட்பவன் கிடையாது.

சேகரிப்பது குற்றம் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உ.வே. சாமிநாதையரைவிடப் பெரிய சேகரிப்பாளர் நமக்கு யார்? வீடு வீடாக ஏறி ஓலை தேடினார். தேடியதைப் படித்தார், பாடபேதம் பார்த்தார், சந்தேகப்பட்டார், அச்சுக்குக் கொண்டுபோய் ஊரார் குறை சொல்லும்படி வெளியே வைத்தார். சீவக சிந்தாமணி 1887இல் வந்தது, பத்துப்பாட்டு 1889இல். அந்தப் பத்துப்பாட்டிலுள்ள சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த மரக்காணப் பகுதிதான் என்பது ஆய்வாளர்கள் பலர் கொண்ட கருத்து. ஓலை எவர் வீட்டுப் பரணிலோ தீண்டப்படாமல் பத்திரமாக இருந்திருந்தால் அந்தப் பட்டினமும் பரணோடு செல்லுக்கு இரையாகியிருக்கும். கைபட்டதால்தான் மிஞ்சியது.

இப்போது நம் கதைக்கு வருவோம். ‘எழுத்து’ 1959இலிருந்து 1970வரை வந்தது. அதன் பழைய இதழ்கள் இன்று ‘சேகரிப்புக்குரிய’ பொருள்கள். வைத்திருப்பவர்கள் வைத்திருப்பதைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவற்றில் நடந்த சண்டைகளில் ஒன்றையாவது இன்று தொடர்கிறவர்கள் எத்தனை பேர்? சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக அலைந்தவர். அவரும் விற்றார்தான். ஆனால் படிக்கப்படுவதற்காக விற்றார். விற்பனை அல்ல பிரச்னை. எதற்காக விற்கிறோம், விற்பதற்காக எதை மறைக்கிறோம் என்பது பிரச்னை.

புதுப் புத்தகங்களுக்கு வரும் மதிப்புரைகளைப் பாருங்கள். வெளியீட்டு விழா முடிந்த கையோடு ‘தமிழுக்குப் புதிது’ என்று எழுதியாகிவிடுகிறது. எழுதுகிறவர் நண்பராக இருப்பார், அல்லது அடுத்த மாதம் தன் புத்தகத்தை வெளியிட இருப்பவராக இருப்பார். அவர் கையிலும் சரக்கு இருக்கிறது, அதன் விலை இறங்கக்கூடாது. ஆகவே அவர் அட்டையைப் பேசுவார், மொழியின் ‘அடர்த்தி’யைப் பேசுவார், முன்னோடிகளின் பெயர்களை வரிசைப்படுத்துவார். அந்தக் கவிதையைத் தன் வாழ்க்கையின் எந்த முடிச்சின் மீது வைத்து அறுத்துப் பார்த்தார், எங்கே அது வழுக்கிற்று, எத்தனையாவது வாசிப்பில் அதன் கூர் மழுங்கிற்று என்பது மட்டும் மதிப்புரையில் வராது. வந்தால் புத்தகம் ‘புதுசு’ என்ற ஸ்தானத்தை இழந்துவிடும். மூன்று இல்லைகளும் இங்கேயும் அப்படியே இருக்கின்றன: சுமந்ததில்லை, பிரயோகித்ததில்லை, மோதியதில்லை.

இதற்கு வழி ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது, அதுவும் பெரிய தத்துவமல்ல. கத்தியைப் பற்றி எழுதுகிறவன் அது எதை வெட்டிற்று, எத்தனை நாளில் கூர் போயிற்று, எந்தக் கல்லில் தீட்டினான் என்று சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் விலையைச் சொல்லி விற்றுவிட்டுப் போகட்டும், அபிப்பிராயத்தைச் சேர்த்து விற்க வேண்டாம். புத்தகத்தைப் பற்றி எழுதுகிறவனிடமும் இதே கணக்கைக் கேட்போம். விழா மேடையில் சொன்னதை ஒரு வருஷம் கழித்து, புத்தகம் மடங்கிக் கிழிந்த பிறகு, மறுபடி சொல்கிறானா என்று பார்ப்போம். சொல்லத் தயாரில்லாதவனின் மதிப்புரையை நம் பத்திரிகைகள் போடாமல் விட்டால் சில பக்கங்கள் காலியாக இருக்கும். இருக்கட்டும். மரக்காணத்துப் பாத்தியிலும் முதலில் தெரிவது வெறும் தண்ணீர்தான். வெயில் ஏறி வற்றிய பிறகுதான் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரியவரும்.