மண்டபத்தில் கொட்டும் சோறு, கிணற்றில் ஏறும் உப்பு

2021 ஆம் ஆண்டு யூன் 29 அன்று கனடாவின் லிற்றன் என்னும் சிற்றூரில் வெப்பநிலை 49.6 பாகை செல்சியசைத் தொட்டது. மறுநாள் மூண்ட தீயில் ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. மனிதரால் சூடேறிய வளிமண்டலமின்றி அத்தகைய வெப்பம் நேர்ந்திருப்பது ஏறத்தாழ இயலாது என்பதே அறிவியலாளர் முடிவு.

கனடாவில் ஒருவரின் ஆண்டுக் காபனீரொட்சைட்டு வெளியேற்றம் இலங்கையில் ஒருவருடையதைப் போல் பத்து மடங்கிற்கும் அதிகம். விளைவோ எல்லை பார்ப்பதில்லை. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரையே கிணறுகளில் இறைக்கிறது. கடல்மட்டம் உயர உயர அந்நன்னீரில் உப்பேறும். ஊரை எண்ணிக் கண்ணீர் சிந்துவோரின் வாழ்க்கைமுறையும் ஊர்க் கிணற்றைக் கெடுப்பதில் பங்கேற்கிறது.

"தனியொருவரால் என்ன ஆகும்? அரசுகள் பார்க்கட்டும்" என்பது வழமையான சாட்டு. அரசுகளின் பொறுப்புப் பெரிதே. ஆயினும், நானூறு விருந்தினருக்கு அறுநூறு பேரின் உணவைச் சமைப்பிக்குமாறு எந்த அரசும் பணிக்கவில்லை. குப்பைமேட்டில் புதைந்து அழுகும் அவ்வுணவு வெளியிடும் மெதேன், 20 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பமூட்ட வல்லது.

வருவோர் தொகையை உறுதிசெய்து சமைப்பிக்கலாம். கழுவிப் பயன்படுத்தும் தட்டுகளைக் கேட்டுப் பெறலாம். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கையில் வாகன இயந்திரத்தை நிறுத்தலாம். ரொறொன்ரோவில் அது நகரச் சட்டமும் கூட.

சிந்திய பருக்கையைப் பொறுக்கி உண்ணப் பழக்கிய அம்மம்மாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெற்றோரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: பெருமைக்காகக் கொட்டப்படுவது எவருடைய நாளை?